ஜெனிஷாவுக்கு ஒரு நல்ல இடம்

அந்த ஒரு சொல்லைக் கேட்டாலே ஜெனிஷாவுக்கு இப்போதெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. எக்ஸ்போஷர். நிறைய நோயாளிகளைப் பார்த்துப் பழகும் வாய்ப்பு என்று அதற்கு அர்த்தம். ஒரு வாரமாக யாருக்குப் போன் போட்டாலும், சொல்லி வைத்தாற்போல அதையேதான் சொன்னார்கள்.

“டிபார்ட்மென்ட் எப்படி சீனியர்?”

“நல்ல எக்ஸ்போஷர்ப்பா. தைரியமா போடு.”

“தூங்க விடுவாங்களா?”

“எக்ஸ்போஷர் இருக்கிற எடத்துல தூக்கத்துக்கு எங்கப்பா போறது?”

“கிளாஸ் எடுப்பாங்களா?”

“எக்ஸ்போஷர்தான் கிளாஸே.”

இப்படிப் பேசியவர்கள் எல்லாரும் டாக்டர்கள். நோயாளியிடம் “வலி எங்கே, எப்போதிருந்து, குத்துகிறதா எரிகிறதா” என்று ஆயிரம் கேள்வி கேட்கிறவர்கள். தங்கள் வலியைப் பற்றி மட்டும் ஒற்றைச் சொல்லில் முடித்துக்கொண்டார்கள். பேராசிரியர் காதுக்கு எட்டிவிட்டால் என்ன ஆவது என்ற பயம் அவர்களுக்கு. பயப்படுகிறவனிடம் போனில் உண்மை கேட்பது, ஊமையிடம் வழி கேட்பது மாதிரிதான்.

ஜெனிஷாவும் டாக்டர்தான். எம்.பி.பி.எஸ். முடித்து, கீரனூர்ப் பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டே பிஜி மேற்படிப்புக்கு நுழைவுத் தேர்வு எழுதியிருந்தாள். ரேங்க் மோசமில்லை. இனி மூன்று வருடம் ஏதாவது ஒரு ஆஸ்பத்திரியில் வேலை செய்துகொண்டே படித்து மகப்பேறு மருத்துவர் ஆக வேண்டும். எந்த ஆஸ்பத்திரி என்பதை வரிசைப்படுத்தி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் கம்ப்யூட்டரில் பூட்டிவிட வேண்டும். பூட்டினால் பூட்டியதுதான், அப்புறம் அழுதாலும் திறக்காது.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. கை பழக வேண்டும். போன வருடம் அன்புச்செல்வி என்று ஒரு பெண் பிரசவம் ஆன கையோடு ரத்தம் நிற்காமல் கிடந்தாள். ஜெனிஷாவுக்கு என்ன செய்ய வேண்டும் என்று புத்தகத்தில் தெரியும், கையில் தெரியாது. ஊசி போட்டு, வயிற்றை அழுத்திப் பிடித்தபடியே ஆம்புலன்ஸில் திருச்சி வரைக்கும் போனாள். அன்புச்செல்வி பிழைத்துக்கொண்டாள். ஜெனிஷாதான் அன்றைக்கு வீட்டுக்கு வந்து சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, தன் இரண்டு கையையும் பார்த்துப் பார்த்து அழுதாள். இன்னொரு தரம் அப்படி நிற்க மாட்டேன் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

அவள் ரேங்குக்கு எட்டும் தூரத்தில் இருந்தவை இரண்டு. ஒன்று, நகரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. பேரைச் சொன்னால் கல்யாண வீட்டில் நாற்காலி கிடைக்கும். இன்னொன்று, ஆலங்குடிக்கு அங்கிட்டு, முந்திரிக்காட்டுக்கு நடுவில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் மிஷன் ஆஸ்பத்திரி. பெரிய ஆஸ்பத்திரியில் வேறொரு பிரிவில் அவளுடைய தோழி காவ்யா சேர்ந்தாள். அவளுக்கும் “நல்ல எக்ஸ்போஷர்” என்றுதான் சொல்லி அனுப்பினார்கள். சில மாதத்திலேயே தாங்க முடியாமல் படிப்பை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். அதில் கையெழுத்துப் போடும்போது அவளுடைய பேராசிரியர் நிமிர்ந்து பார்த்து, “ஒன் பேரென்ன?” என்று கேட்டாராம். அதுவரைக்கும் அவள் ‘ஏய் ஃபர்ஸ்ட் இயர்’தான்.

மிஷன் ஆஸ்பத்திரியைப் பற்றியும் ஒரு பேச்சு உண்டு. அங்கே மகப்பேறு பிரிவுக்குத் தலைமை, சிஸ்டர் ஆரோக்கியம்மாள்; டாக்டரும் அவரே, கன்னியாஸ்திரியும் அவரே. அவர் ஆபரேஷன் கத்தியைப் படிக்கிற பிள்ளைகள் கையில் கொடுக்கவே மாட்டார் என்றும், மூன்று வருடமும் கேஸ் ஷீட் எழுதியே கழிய வேண்டும் என்றும் இணையத்தில் பேர் போடாத எவனோ எழுதியிருந்தான். அங்கே கடைசி வருடம் படிக்கும் வெற்றிசெல்வன் என்பவரின் நம்பரைத் தேடிப் பிடித்து ஜெனிஷா போன் போட்டாள். வெற்றிசெல்வன் மென்று முழுங்கிவிட்டுச் சொன்னார்: “நல்ல எக்ஸ்போஷர்ங்க.”

ஜெனிஷா போனைக் கட்டிலில் எறிந்தாள்.

அடுப்படியிலிருந்து ஞானசெல்வி எட்டிப் பார்த்தார். ஜெனிஷாவின் அம்மா. கீரனூரில் பள்ளிக்கூடத் தமிழ் டீச்சர்; ஆனால் ஆவூர்க் கோயில் பங்கு முழுக்க அவரைத் தெரிந்து வைத்திருப்பது அதற்காக இல்லை. மாப்பிள்ளை விசாரிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. துபாயில் இன்ஜினீயர் என்று சொன்ன ஒரு மாப்பிள்ளை, ஒரு வருடமாக வீட்டில்தான் சும்மா இருக்கிறான் என்பதை அந்தத் தெரு இஸ்திரிக்காரரிடம் இரண்டே கேள்வியில் கறந்தவர். ஜெனிஷாவின் அப்பா சிங்கப்பூரில் வேலை பார்ப்பதே ஞானசெல்வியின் விசாரணைக்குப் பயந்துதான் என்று சொந்தக்காரர்கள் கேலி பேசுவார்கள்.

“போன்ல விசாரிச்சா எந்த மாப்பிள்ளையும் நல்லவன்தான்டி,” என்றார் ஞானசெல்வி. “நாளைக்கு சனிக்கெழம. கெளம்பு, நேர்லயே போயி இடத்தப் பாத்துட்டு வருவோம்.”

“அம்மா, இது காலேஜ் சீட்டு. சம்பந்தம் இல்ல.”

“மூணு வருசம் அவங்க சொல்றதக் கேட்டு, அவங்க போடுறதத் தின்னு, அவங்க வீட்டுல கெடக்கப் போற. பாதியில ஓடியாந்தா ஊரு சிரிக்கும். இதுக்குப் பேரு சம்பந்தம் இல்லாம என்ன?”

ஜெனிஷா எறிந்த போனை எடுத்து, காலை பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்தாள்.

மறுநாள் காலையில் புதுக்கோட்டை போய், அங்கே ஆலங்குடி பஸ் பிடித்தார்கள். ஜெனிஷா கேட்க வேண்டிய கேள்விகளை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஞானசெல்வி ஜன்னலோரம் உட்கார்ந்து பாடம் எடுத்துக்கொண்டே வந்தார்.

“கோயில்ல கல்யாணத்துக்கு முன்னால மூணு ஞாயிறு ஓலை வாசிக்கிறாங்களே, எதுக்கு? இன்னாரு மகனுக்கும் இன்னாரு மகளுக்கும் கல்யாணம், தடை தெரிஞ்சவன் வந்து சொல்லுன்னுதான். தெரிஞ்சும் சொல்லாதவனுக்குப் பாவம். ஒங்க சீனியருங்க எல்லாம் பாவத்துல கெடக்குறானுங்க.”

“சரிம்மா.”

“இன்னொண்ணு கேட்டுக்க. இடம் பாக்குறதுன்னா மாப்பிள்ளையப் பாக்குறதில்ல. மாமியாரைப் பாக்குறது. தம் புள்ளை என்ன திங்கும், எதுக்கு அழுகும்னு தெரிஞ்சவளா, இல்ல சம்பாத்தியத்த மட்டும் தெரிஞ்சவளான்னு பாக்கணும். முன்னவ திட்டுனாலும் குடும்பம் நடத்தலாம்.”

பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார். ஜெனிஷா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மிஷன் ஆஸ்பத்திரி வாசலில், குகை மாதிரி கட்டிய மாதா கெபி. அதைத் தாண்டினால் கேன்டீன். ஜெனிஷா நேரே வார்டுக்குப் போக நினைத்தாள். ஞானசெல்வி கையைப் பிடித்து இழுத்தார். “மாப்பிள்ளை வீட்டுல காபி குடிக்கிறதுக்கு முன்னால, அந்தத் தெரு டீக்கடையில டீ குடிக்கணும்,” என்பது அவர் வகுத்த சட்டம். ஜெனிஷா முகம் கழுவப் போனாள். அவள் திரும்பி வருவதற்குள் நடக்க வேண்டியது நடந்து முடிந்துவிட்டது.

கேன்டீன்காரர் பேர் பீட்டர். ஞானசெல்வி டீயை வாங்கிக்கொண்டு, பழகின வாயால் பழகின வார்த்தையைச் சொன்னார்:

“தம்பி, எங்க புள்ளைக்கு இடம் பாக்குறோம். இந்த இடம் எப்படி?”

கோளாறு இங்கேதான். காலேஜில் கிடைப்பதும் இடம்தான், கல்யாணத்துக்குப் பார்ப்பதும் இடம்தான். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தவன் யாரோ, அவன் பீட்டரை அறிந்தவன் இல்லை.

“புள்ளை என்ன பண்ணுதுங்க?” என்று கேட்டார் பீட்டர்.

“டாக்டரு.”

“எந்த டிபார்ட்மென்ட்டுப் பக்கம் பாக்குறீங்க?”

“பிரசவ வார்டுதான். அங்க வெற்றிசெல்வன்னு ஒருத்தரு இருக்காராமே? புள்ளை அவருகிட்ட போன்ல பேசிச்சு. சரியாப் புடி குடுக்கலையாம். அதான் நேர்ல விசாரிப்பமேன்னு.”

பீட்டர் டீ ஆற்றுவதை நிறுத்தினார். மகப்பேறு பிரிவில் கல்யாணம் ஆகாத ஆண் டாக்டர் வெற்றிசெல்வன் ஒருவர்தான். இலுப்பூரிலிருந்து அவருடைய அம்மா வரும்போதெல்லாம் இதே பெஞ்சில் உட்கார்ந்து, “எம் புள்ளைக்கு ஒரு பொண்ணு அமைய மாட்டேங்குதே” என்று மூக்கைச் சிந்துவார். இப்போது பொண்ணு தானாக வந்து, போனிலும் பேசி முடித்து, முகம் கழுவப் போயிருக்கிறது!

“தங்கமான மனுசங்க,” என்றார் பீட்டர் மனதார. “நீங்க உக்காருங்க, இந்தா வரச் சொல்றேன்.”

அவர் வார்டுக்குப் போன் போட்டார். வார்டு நர்ஸ் ஆபரேஷன் தியேட்டருக்குச் சொன்னார். தியேட்டரில் சொன்னது எங்கெங்கே போயிற்று என்று கணக்கு எடுக்க முடியாது. ஜெனிஷா துப்பட்டாவில் முகத்தைத் துடைத்தபடி வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் வெற்றிசெல்வன் வந்து நின்றார். கீழே தியேட்டரில் போடும் பச்சைப் பேன்ட். மேலே நன்றாக இஸ்திரி போட்ட நீலச் சட்டை. சட்டை மயக்க மருந்து டாக்டருடையது. அவர் நல்ல ஆகிருதியான ஆள். வெற்றிசெல்வன் அதற்குள் ஹேங்கரில் தொங்குவது போல இருந்தார். தலையைத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தார்.

“ஸ்தோத்திரங்க,” என்று ஞானசெல்வியைக் கும்பிட்டு, எதிரே உட்கார்ந்தார். “சொல்லாமக் கொள்ளாம வந்துட்டீங்க. அம்மா இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்.”

பிஜி சீட்டு விசாரிக்க இவர் அம்மா எதற்கு என்று ஜெனிஷாவுக்குப் புரியவில்லை.

“எனக்குக் கெட்ட பழக்கம் ஒண்ணும் கெடையாதுங்க,” என்றார் வெற்றிசெல்வன் மேசையைப் பார்த்தபடி. “டீதான் கொஞ்சம் அதிகம்.”

இப்போது புரிந்தது. ஜெனிஷாவுக்குக் காது வரைக்கும் சூடேறியது. “ஐயோ சார், நாங்க…” என்று அவள் வாயைத் திறந்த அதே நேரத்தில் அவரும் பேசினார்.

“உண்மையைச் சொல்லிடறேங்க. கல்யாணத்துக்கு அப்பறம் தெரிஞ்சு சண்டை வர்றதுக்கு, இப்பவே தெரிஞ்சுக்கிறது நல்லது. இந்த டிபார்ட்மென்ட்ல என் பொழப்பு எப்படின்னு முழுசாச் சொல்லிடறேன்.”

மேசைக்கு அடியில் ஞானசெல்வியின் செருப்பு ஜெனிஷாவின் காலை மிதித்தது. தமிழ் டீச்சருக்கும் புரிந்துவிட்டது. அந்த மிதியின் பொருள், ‘வாயைத் திறந்தாயோ, தொலைந்தாய்.’ ஒரு வாரமாக எந்தப் போனிலும் அகப்படாத உண்மை, தொளதொளத்த சட்டை போட்டுக்கொண்டு எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறது. ஜெனிஷா செய்தது தப்புதான். அவளே பிற்பாடு ஒத்துக்கொண்டாள். அந்த நேரத்தில் அவள் வாயை மூடிக்கொண்டு, காதைத் திறந்து வைத்தாள்.

“ஒருநாள் விட்டு ஒருநாள் ட்யூட்டிங்க. மறுநாள் காலையில ட்யூட்டி முடிஞ்சா வீட்டுக்குப் போகலாம்னு பேருதான். எந்திரிச்சுப் போக சாயங்காலம் ஆயிரும். ஞாயித்துக்கெழம பூசைக்கு இங்கன சேப்பல்லயே நிப்பேன், பாதிப் பூசையில போன் வந்துரும். என் தங்கச்சி கல்யாணத்துக்கு அரைநாள்தான் லீவு. தாலி கட்டுறதப் பாத்தேன். பந்தியில உக்காரல.”

“சிஸ்டர் திட்டுவாங்களா?” என்று கேட்டாள் ஜெனிஷா.

“திட்டுவாங்களாவா? போன மாசம் கேஸ் ஷீட்டைத் தூக்கி எறிஞ்சாங்க. அது ஃபேன்ல பட்டு, தாளு தாளாப் பறந்து, வார்டுல இருந்த அம்மாங்க எல்லாம் பொறுக்கிக் குடுத்தாங்க.”

“கிளாஸ்?”

“கிளாஸ் உண்டுங்க. செவ்வாக்கெழம, வெள்ளிக்கெழம. படிக்காம வந்தா நிக்கவச்சே எடுப்பாங்க.” கல்யாணப் பெண் ஏன் கிளாஸைப் பற்றிக் கேட்கிறாள் என்று அவருக்குத் தோன்றவில்லை. டாக்டர் பெண்கள் இப்படித்தான் என்று நினைத்திருப்பார்.

ஜெனிஷா மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். “கத்தி?”

“என்னங்க?”

“சிசேரியன். கத்தியை எப்ப ஒங்க கையில குடுத்தாங்க?”

வெற்றிசெல்வனின் முகம் மாறியது. சட்டை கூடக் கொஞ்சம் அளவாக ஆனது போலிருந்தது.

“மொத கிறிஸ்துமஸ் வரைக்கும் தொட விடலைங்க. பக்கத்துல நின்னு, அவங்க வெட்டுன எடத்த இழுத்துப் புடிச்சுப் புடிச்சே தோள்பட்டை தேஞ்சுபோச்சு. வெளிய படிக்கிறவனெல்லாம் நான் பத்து பண்ணிட்டேன், இருபது பண்ணிட்டேன்பான். எனக்கு அழுகையா வரும். கிறிஸ்துமஸ் முடிஞ்சு ஒரு நாளு, தோலு மேல வைக்கப் போன கத்திய அப்படியே என் கையில குடுத்துட்டு எதுத்தாப்புல வந்து நின்னுக்கிட்டாங்க. ‘நான் எங்கயும் போகல. நீ பண்ணு’ன்னாங்க. அன்னையிலேர்ந்து நாந்தாங்க பண்றேன். அவங்களும் போகல. நின்னுக்கிட்டுக் கத்திக்கிட்டே இருப்பாங்க.” அவர் சிரித்தார். “சிஸ்டருகிட்ட ரெண்டு கத்திங்க. ஒண்ணக் கையில குடுத்துருவாங்க. இன்னொண்ணு வாயிலயே இருக்கும்.”

ஜெனிஷாவும் சிரித்துவிட்டாள். அப்போதுதான் பீட்டர் ஏற்கெனவே துடைத்த மேசையை அவசர அவசரமாக மறுபடி துடைத்தார். வாசலில் சிஸ்டர் ஆரோக்கியம்மாள் நின்றுகொண்டிருந்தார்.

குள்ளமான உருவம், வெள்ளை உடுப்பு, காலில் கேன்வாஸ் ஷூ, இடுப்பில் ஜெபமாலை. வெற்றிசெல்வன் எழுந்த வேகத்தில் பெஞ்சு பின்னால் சாய்ந்தது.

“யாரு, பொண்ணு வீடா?” என்று கேட்டுக்கொண்டே சிஸ்டர் ஞானசெல்விக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். “நான்தான் இவனுக்கு டிபார்ட்மென்ட் ஹெட். நல்ல பையன். ஒரு கொறையும் கெடையாது. காலையில எட்டு மணிக்கு வருவான், அஞ்சு மணிக்கு வீட்டுக்குப் போயிருவான்.”

வெற்றிசெல்வன் தன் காதையே நம்பாமல் அவரைப் பார்த்தார். சிஸ்டரின் விரல் ஜெபமாலையில் ஒரு மணியைத் தள்ளியது.

“ஞாயித்துக்கெழம முழுசா லீவு.” இன்னொரு மணி.

“என்கிட்ட யாரும் ஒரு சொல்லு வாங்குனதில்ல. நான் குரலே ஒசத்த மாட்டேன்.” பின்னால் பீட்டரின் கையிலிருந்து டம்ளர் விழுந்தது. சிஸ்டர் திரும்பிப் பார்க்கவில்லை. “லீவு கேட்டு நான் இல்லைன்னு சொன்னதே இல்லம்மா.”

ஒரு கன்னியாஸ்திரி, இலுப்பூர்ப் பையனுக்கு ஒரு கல்யாணம் ஆகட்டும் என்று, ஜெபமாலை மணிக்கு ஒரு பொய்யாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஜெனிஷாவுக்குப் பார்க்கவே பாவமாக இருந்தது. ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை.

“இவங்க தங்கச்சி கல்யாணத்துக்கு எத்தனை நாள் லீவு குடுத்தீங்க சிஸ்டர்?”

விரல் நின்றது. சிஸ்டர் வெற்றிசெல்வனைப் பார்த்தார். வெற்றிசெல்வன் மின்விசிறியைப் பார்த்தார்.

“சொல்லிட்டானா?” என்றார் சிஸ்டர். குரல் இறங்கிவிட்டது. “அரைநாள். ரெண்டு பேரு காய்ச்சல்ல படுத்துட்டாங்க. வார்டு நெறைஞ்சு வராண்டாவுல பாய் போட்டிருந்தோம். அன்னைக்கு ராத்திரி ட்யூட்டிக்கு நானே நின்னிருக்கலாம்னு இப்பத் தோணுது. அப்பத் தோணல. அந்தத் தங்கச்சிப் புள்ளை போட்டோ ஆல்பத்தத் தூக்கிக்கிட்டு எங்கிட்ட காட்ட வந்துச்சும்மா. இவன் ஒரே ஒரு போட்டோவுலதான் இருந்தான். அது என்னத் திட்டல. திட்டியிருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும்.”

வெற்றிசெல்வன் மின்விசிறியிலிருந்து கண்ணை எடுத்தார். “விடுங்க சிஸ்டர்,” என்றார் மெதுவாக.

ஞானசெல்விதான் தொண்டையைச் செருமிக்கொண்டு தன் கடைசிக் கேள்வியைப் போட்டார். “புள்ளை என்ன சாப்புடுவாரு சிஸ்டர்?”

“கத்திரிக்கா ஆகாது, ஒடம்பு தடிச்சுரும்,” என்றார் சிஸ்டர் யோசிக்காமலே. “ட்யூட்டி அன்னைக்குச் சாப்புட மறந்துருவான், தட்டக் கையில குடுத்தாத்தான் உண்டு. இவன் மட்டுமில்ல, அந்த ஃபர்ஸ்ட் இயரு பொண்ணும் அப்படித்தான். இவனோட அம்மாவுக்கு ஒரு கண்ணுல பொரை எடுத்தாச்சு. இன்னொண்ணுக்குப் பயந்துக்கிட்டுத் தள்ளிப் போடுறாங்க. நீங்க சம்பந்தி ஆனா, அதக் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க.”

ஞானசெல்வி மகளைத் திரும்பிப் பார்த்தார். பரீட்சைத் தாளில் முழு மார்க் போட்டுவிட்டு நிமிரும் டீச்சரின் பார்வை அது. ஜெனிஷாவுக்குக் காவ்யாவின் ஞாபகம் வந்தது, ‘ஒன் பேரென்ன?’ என்று கேட்ட அந்தப் பேராசிரியரின் ஞாபகமும் வந்தது. இதற்கு மேல் அவளால் பொறுக்க முடியவில்லை.

“சிஸ்டர், மன்னிச்சிருங்க. நாங்க மாப்பிள்ளை பாக்க வரல. பிஜி சீட்டுக்கு இடம் பாக்க வந்தோம். அம்மா ‘இடம்’னு சொன்னதை இவங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்க. தெரிஞ்சதும் நான் சொல்லியிருக்கணும். சொல்லல.”

பீட்டர் அடுப்புப் பக்கம் நழுவினார். வெற்றிசெல்வன் அந்தப் பெரிய சட்டைக்குள் இன்னும் சிறுத்துப்போனார். சிஸ்டர் தன் ஜெபமாலையைப் பார்த்தார்.

“அப்ப நான் சொன்ன பொய்யெல்லாம்?”

“ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம்பாங்க சிஸ்டர்,” என்று ஞானசெல்வி ஆறுதல் சொன்னார்.

“கல்யாணமே இல்லையேம்மா! பொய்யி மட்டும் தனியா நிக்குது! சாமியாருகிட்ட நான் என்னன்னு போயி பாவசங்கீர்த்தனம் பண்ணுவேன்?” என்று சொன்ன சிஸ்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. ஒரு வழியாகத் துடைத்துக்கொண்டு வெற்றிசெல்வன் பக்கம் திரும்பினார். “இந்தப் பொண்ணு ஒனக்குப் போன் போட்டப்ப நீ என்ன சொன்ன?”

வெற்றிசெல்வன் ஜெனிஷாவை நிமிர்ந்து பார்த்தார். “கீரனூர் டாக்டர்… நீங்கதானா?”

“நல்ல எக்ஸ்போஷர்னு சொன்னீங்க,” என்றாள் ஜெனிஷா.

“நீங்கதான சிஸ்டர், டிபார்ட்மென்ட்டப் பத்தி நல்லதாச் சொல்லணும்னு…”

“நல்லதத்தான் சொல்லச் சொன்னேன். பொய்…” சிஸ்டரின் கை ஜெபமாலையில் பட்டது. அவர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.

பிறகு ஜெனிஷாவின் பக்கம் திரும்பி நேராக உட்கார்ந்தார். “சரி. பொய்யெல்லாம் தீந்துபோச்சு. தடையெல்லாம் இவனே ஓலை வாசிச்சுட்டான். வேற என்ன கேக்கணும், கேளு.”

“என் கையில எப்பக் கத்தியக் குடுப்பீங்க?”

“தெரியாது. இவனுக்குக் கிறிஸ்துமஸ் ஆச்சு. இவனுக்கு முன்னால ஒருத்தி, வந்த கொஞ்ச நாள்லயே வாங்கிட்டா. ஒருத்தனுக்கு ரெண்டு வருசம் ஆச்சு. அவன் என்னைய இன்னும் இன்டர்நெட்ல திட்டி எழுதிக்கிட்டிருக்கான். குடுத்ததுக்கு அப்பறம் நான் எதுத்தாப்புல நிப்பேன். அது ஒண்ணுதான் என்னால சொல்ல முடியும்.” சிஸ்டர் கொஞ்சம் நிறுத்தினார். “நீ எதுக்கு இந்தப் படிப்புக்கு வர்ற?”

ஜெனிஷா அந்த ஆம்புலன்ஸைப் பற்றிச் சொன்னாள். கையைப் பார்த்து அழுததையும் மறைக்கவில்லை. சொல்லி முடித்ததும் சிஸ்டர் கேட்டது ஒன்றுதான்.

“அந்தப் பொண்ணு பேரென்ன?”

“அன்புச்செல்வி. ஒடையூர்ப் பக்கம். இப்ப நல்லா இருக்காங்க. பொம்பளப்புள்ளை.”

“பேரு ஞாபகம் இருக்கே,” என்றார் சிஸ்டர். எழுந்து, ஷூ சத்தம் கேட்க வார்டுப் பக்கம் நடந்தார். போகிற போக்கில், “வெற்றி, அந்தச் சட்டையக் கழட்டி டாக்டருகிட்ட குடு, அவரு பனியனோட நிக்கிறாரு,” என்று கத்தினார். முந்திரிக்காடு வரைக்கும் கேட்டிருக்கும்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஞானசெல்வி ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டு வந்தார். கீரனூரில் இறங்கும்போதுதான் கேட்டார்.

“மாமியார் பெரிய வாய்க்காரிடி. தாங்குவியா?”

“பயமாத்தான்மா இருக்கு,” என்றாள் ஜெனிஷா. “ஆனா எதுத்தாப்புல நிப்பேன்னு சொல்றாங்க.”

மறுநாள் பூசை முடிந்து வந்து, மிஷன் ஆஸ்பத்திரியை முதலில் போட்டுப் பூட்டினாள். இடமும் கிடைத்தது.

இங்கே உங்களுக்கு ஒரு நினைப்பு ஓடும், அது நடக்கவில்லை. அடுத்த வருடம் இலுப்பூர்க் கோயிலில் வெற்றிசெல்வனுக்கு ஓலை வாசித்தார்கள். பெண் ஆலங்குடியில் பேங்கில் வேலை பார்க்கிறவள், பேர் ஏஞ்சல். கல்யாணத்தன்று பிரிவில் இருந்த அத்தனை பிஜி மாணவர்களும் பந்தியில் உட்கார்ந்தார்கள். வார்டில் சிஸ்டர் தனியாக நின்றார்.

அதற்கும் அடுத்த சேர்க்கைக் காலத்தில், ஒரு மத்தியானம், ட்யூட்டி முடிந்து கண் எரிய ஜெனிஷா டாக்டர்கள் அறையில் உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. புது நம்பர். தயங்கித் தயங்கி ஒரு பெண் குரல்.

“அக்கா, பேரு மணிமேகலைங்க. இந்த வருசம் பிஜிக்குப் போடுறேன். உங்க டிபார்ட்மென்ட் எப்படிக்கா?”

“நல்ல எக்ஸ்…” நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அசதியில் இருப்பவனுக்கு அதைவிட வசதியான சொல் கிடையாது. ஜெனிஷா அதை முழுங்கிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஒருநாள் விட்டு ஒருநாள் ட்யூட்டியைச் சொன்னாள். பாதிப் பூசையில் வரும் போனைச் சொன்னாள். பறந்த கேஸ் ஷீட்டைச் சொன்னாள். இந்த வருடம் பறந்தது தன்னுடையது என்பதையும் சொன்னாள். தான் முதல் முதலாகக் கத்தி பிடித்த அன்றைக்கு அதைத் தோல் மேல் வைக்கத் தயங்கியதையும், எதிரே நின்றவர் அதைப் பார்த்தும் நகராமல் நின்றதையும் சொன்னாள்.

பின்னால் கேன்வாஸ் ஷூ சத்தம் கேட்டு நின்றது.

“யாரு போன்ல?”

“இடம் பாக்குறாங்க சிஸ்டர்.”

“தடையெல்லாம் சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன்.”

“கத்தி?”

“ரெண்டு கத்தியையும் சொல்லிட்டேன்.”

சிஸ்டர் கையிலிருந்த சாப்பாட்டுத் தட்டை ஜெனிஷாவின் முன்னால் வைத்துவிட்டுப் போனார். போனில் அந்தப் பெண் இன்னும் காத்திருந்தாள்.

“நேர்ல வந்து பாக்கலாமாக்கா?”

“தாராளமா வாங்க,” என்றாள் ஜெனிஷா. “வரும்போது ஒங்க அம்மாவையும் கூட்டிக்கிட்டு வாங்க.”